டிராம் வரப்போகும் தெருவில் எது பாரம்பரியக் கட்டடம்? லாஸ் ஏஞ்சலஸ் பாதையை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

எந்த டிராம் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் டவுன்டவுனைச் சுற்றிவர வரையப்பட்ட டிராம் பாதை. நீளம் ஏறக்குறைய 3.8 மைல், அதாவது 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1ஆம் தெருவில் கிளம்பி பிராட்வே வழியாகத் தெற்கே 11ஆம் தெரு வரை வரும். அங்கே மேற்கே திரும்பி ஃபிகரோவா தெரு, அதில் வடக்கே ஏறி 7ஆம் தெரு, பிறகு கிழக்கே ஹில் தெரு, ஹில் தெரு வழியாகத் திரும்ப 1ஆம் தெரு. 2012 டிசம்பரில் அந்தப் பகுதி வாக்காளர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு தந்து, இதற்காகத் தங்கள் வட்டாரத்தில் தனி வரி விதிக்க ஒப்புக்கொண்டார்கள். 2016இல் மாவட்ட மக்கள் ஏற்றுக்கொண்ட போக்குவரத்து வரியிலும் 20 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வருவது 2050களில்தான். இடையில் செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. தண்டவாளம் இன்னும் வரவில்லை.

தண்டவாளம் வராவிட்டாலும், அந்தப் பாதையில் எந்தெந்தக் கட்டடம் வரலாற்று மதிப்புள்ளது என்று கண்டறியும் வேலை மிக நுணுக்கமானது. ஒரு தெருவை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாதை அமைவது கடினம். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

தெருவில் ஓடும் டிராமுக்கும் ஓரத்தில் நிற்கும் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு? எதையும் இடிக்கப்போவதில்லையே?

இடிக்காமலே கெடுக்க முடியும் என்பதால்தான் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் 106ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் எந்தத் திட்டமும், வேலை தொடங்குவதற்கு முன்பே, தன்னால் பாதிக்கப்படக்கூடிய வரலாற்று இடங்களைத் தேடிக் கண்டறிய வேண்டும். பிறகு பாதிப்பை எடைபோட வேண்டும். அதைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி பேச வேண்டும். அதே ஆண்டு வந்த போக்குவரத்துத் துறைச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவு இன்னும் கடுமையானது. வேறு ஏற்கத்தக்க வழி இருக்கும்போது வரலாற்று இடத்தைப் போக்குவரத்துக்காக எடுத்துக்கொள்ளவே கூடாது என்கிறது. கலிஃபோர்னியாவுக்கு 1970 முதல் சொந்தச் சுற்றுச்சூழல் சட்டமும் இருக்கிறது. மத்திய நிதி வராமல் போனாலும் அது விடாது.

இந்த மூன்றுக்கும் முதல் படி ஒன்றுதான்: பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு கட்டடம் விட்டுப்போனால், அதன்பின் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

தெருவிலிருந்து எவ்வளவு தூரம் வரை பார்க்க வேண்டும்?

இத்தனை அடி என்று நிலையான கணக்கு கிடையாது. திட்டத்தின் பாதிப்பு எதுவரை எட்டுமோ அதுவரை ஓர் எல்லை வரைந்து, மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலரின் கருத்தைக் கேட்டு முடிவு செய்வார்கள். டிராம் என்றால் வழக்கமாகப் பாதையின் இரு பக்கமும் தெருவைப் பார்த்து நிற்கும் மனைகள் உள்ளே வரும். நிறுத்தம் அமையும் இடத்திலும், மின்சாரத் துணை நிலையம் வரும் இடத்திலும், வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் பணிமனை இடத்திலும் எல்லை அகலமாகும்.

பணிமனையை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பாதையைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் நிலம் வாங்கி, இருப்பதை அகற்றிப் புதிதாகக் கட்டவேண்டிய அவசியம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

எத்தனை வயதானால் ஒரு கட்டடம் கணக்கில் வரும்?

வரலாற்று இடங்களுக்கான மத்திய அரசின் பட்டியலான தேசியப் பதிவேட்டின் பொதுவான அளவுகோல் 50 ஆண்டுகள். விதிவிலக்கான முக்கியத்துவம் இருந்தால் இளைய கட்டடமும் சேரலாம். திட்டங்கள் இழுத்துக்கொண்டே போகும் என்று தெரிந்து, கலிஃபோர்னியாவில் 45 ஆண்டுகளைத் தாண்டியதையே பதிவு செய்துவிடச் சொல்கிறார்கள். அனுபவத்தில் வந்த நல்ல விதி இது.

ஏன் என்று இந்தப் பாதையின் தொடக்க மூலையே காட்டும். 1ஆம் தெருவில் பழைய லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் வளாகம் இருக்கிறது. 1935இல் கோர்டன் காஃப்மன் வடிவமைத்த கட்டடம், 1948இல் சேர்ந்த இன்னொன்று, 1973இல் வில்லியம் பெரேரா பிராட்வே பக்கமாகச் சேர்த்த மூன்றாவது. 2018இல் நகரின் மரபுக் குழு மூன்றையும் நினைவுச்சின்னமாக்கப் பரிந்துரைத்தது. நகரமன்றமோ முதல் இரண்டை ஏற்று, பெரேரா கட்டடத்தை விட்டுவிட்டது. அப்போது அதற்கு வயது 45. டிராமுக்கான பட்டியலை 2012இல் எடுத்திருந்தால் அது வெறும் அலுவலகக் கட்டடம். இன்று எடுத்தால் 50ஐத் தாண்டியாயிற்று. ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அது எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதைத்தான்.

பழையதாக இருந்தால் போதுமா? அழகு தேவையில்லையா?

வயது வாசல் மட்டுமே. அதன்பின் நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன: வரலாற்றில் முக்கியமான நிகழ்வுப்போக்கோடு தொடர்பு, முக்கியமான மனிதரோடு தொடர்பு, வடிவமைப்பு அல்லது கட்டுமானச் சிறப்பு, ஆய்வுக்குத் தகவல் தரும் தன்மை. கடைசியானது பெரும்பாலும் தொல்லியலுக்குப் பொருந்தும். இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

அழகை மட்டும் நம்பினால் இந்தப் பாதையில் மிக முக்கியமானதையே தவறவிடுவோம். பிராட்வேயும் 3ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் பிராட்பரி கட்டடம் நிற்கிறது. 1893இல் முடிந்தது. வெளியே பழுப்புச் செங்கல் சுவர், நிதானமான ஐந்து மாடி, அவ்வளவுதான். டிராம் சன்னலிலிருந்து பார்ப்பவர் அடுத்த கட்டடத்துக்குக் கண்ணைத் திருப்பிவிடுவார். உள்ளே போனால் கூரை முழுக்கக் கண்ணாடி. மேலிருந்து வெளிச்சம் இறங்கும் நடுமுற்றம், வார்ப்பிரும்புப் படிகள், கூண்டு போன்ற திறந்த லிஃப்டுகள். நகரம் 1962இல் நினைவுச்சின்னத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் இடம்பெற்றவற்றில் இதுவும் ஒன்று. 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் ஆனது. தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும் கணக்கெடுப்பு எவ்வளவு குறையுள்ளது என்று இந்த ஒரு கட்டடமே சொல்லிவிடும். கதவைத் தள்ளி உள்ளே போகவேண்டும்.

இன்னொரு வகை ஃபிகரோவா தெருவில் இருக்கிறது. 1926இல் திறந்த ஃபிகரோவா ஹோட்டல், இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கமான ஒய்.டபிள்யூ.சி.ஏ. முன்னின்று கட்டியது. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு மரியாதையாகத் தங்க இடம் கிடைக்காத காலத்தில், பெண்கள் பெண்களுக்காக எழுப்பிய பெரிய விடுதி. இதன் மதிப்பு முதல் அளவுகோலில் இருக்கிறது, சுவரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிராட்வேயும் 11ஆம் தெருவும் சேரும் இடத்தில், டிராம் திரும்பும் மூலையிலேயே, ஹெரால்டு எக்ஸாமினர் நாளிதழின் கட்டடம். பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்காக ஜூலியா மோர்கன் வடிவமைத்தது. கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண் அவர். நாளிதழ் 1989இல் நின்றுபோனது, கட்டடம் நிற்கிறது. இது வடிவமைப்பாலும் சேரும், நகரின் பத்திரிகை வரலாற்றாலும் சேரும்.

முகப்பையே மாற்றிவிட்டார்கள் என்றால்?

மதிப்பு இருப்பது ஒன்று, அந்த மதிப்பைக் காட்டும் அளவுக்குக் கட்டடம் மிஞ்சியிருப்பது இன்னொன்று. இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், கைவேலை, உணர்வு, தொடர்பு என்று ஏழு கூறுகளில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். ஏழும் முழுதாக இருக்கவேண்டியதில்லை.

ஆனால் மூடியிருப்பதும் அழிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதைக் கணக்கெடுப்பவர்கள் மறக்கக்கூடாது. பிராட்வேயில் கிளிஃப்டன்ஸ் என்ற புகழ்பெற்ற உணவகம் 1935இல் தொடங்கியது. 1960களில் அதன் முகப்பு முழுவதையும் உலோகத் தட்டிகளால் மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டு அப்படியே நின்றது. 2012இல் தட்டிகளைக் கழற்றியபோது பின்னால் 1904ஆம் ஆண்டின் முகப்பு வெளிப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கணக்கெடுத்தவர் "மாற்றப்பட்டது, தகுதியில்லை" என்று எழுதியிருந்தால் தாளில் அது சரியாகவே தோன்றியிருக்கும். எனவே உலோகத் தட்டியோ புதுப் பூச்சோ கண்ணில் பட்டால், பக்கச் சுவரையும் பின்னால் இருக்கும் சந்துப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய செங்கலும் பழைய சன்னல் வளைவும் அங்கே பெரும்பாலும் தப்பியிருக்கும்.

இன்னொன்று: உச்சியில் அலங்கார விளிம்பு இல்லை என்பதற்காக ஒரு கட்டடத்தைத் தள்ளக்கூடாது. நிலநடுக்கத்தில் விழுந்து ஆளைக் கொல்லும் என்பதால், 1949இல் நகரமே கைப்பிடிச் சுவர்களையும் விளிம்புகளையும் வலுப்படுத்து அல்லது அகற்று என்று சட்டம் போட்டது. பலர் அகற்றிவிட்டார்கள். அந்த இழப்பும் லாஸ் ஏஞ்சலஸ் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

இடம் மாற்றி வைக்கப்பட்டவை சேருமா?

பொதுவாகச் சேராது. ஆனால் ஹில் தெருவில் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் இருக்கிறது. 1901இல் பங்கர் ஹில் மேட்டில் ஏற வைத்த சின்னஞ்சிறு கயிற்று ரயில். 1969இல் கழற்றி எடுத்து, 1996இல் கொஞ்சம் தெற்கே தள்ளி மறுபடி அமைத்தார்கள். இடம் மாறியும் 2000இல் தேசியப் பதிவேட்டில் ஏறியது. விதியில் அதற்கு இடம் இருக்கிறது, வாதாட ஆள் வேண்டும்.

கட்டிய ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வரி அலுவலகக் குறிப்பு போதாதா?

போதாது. அந்த ஆண்டு பல சமயம் தோராயம். பெரிய மாற்றம் செய்த ஆண்டையே கட்டிய ஆண்டாகப் போட்டிருப்பதும் உண்டு.

முதலில் சான்போர்ன் வரைபடங்கள். 1867 முதல் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்டவை. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். மாடி எண்ணிக்கை, உள்ளே என்ன தொழில், எங்கே கொதிகலன், எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். வெவ்வேறு ஆண்டுகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மர வீடு போய்ச் செங்கல் கடை வந்தது எந்தச் சில ஆண்டுகளுக்குள் என்று பிடித்துவிடலாம். அப்புறம் நகரக் கட்டடத் துறையின் அனுமதித் தாள்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன, இணையத்திலேயே தேடலாம். உரிமையாளர், கட்டடக் கலைஞர், ஒப்பந்தக்காரர், செலவு எல்லாம் அதில் வரும். முகப்பு மாற்றம், விளம்பரப் பலகை, உள்தள வேலை ஆகியவற்றுக்கும் தனித்தனித் தாள் இருக்கும். ஒரு கட்டடத்தின் முழு வாழ்க்கையும் அந்தக் கட்டில் இருக்கிறது. பொறுமையாகப் படிக்கவேண்டும். முகவரி எண்கள் இடையில் மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெருவில் நின்றே படிக்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. பிராட்வேயில் நிமிர்ந்து பார்த்தால் பழைய உயரக் கட்டடங்கள் எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று மாடியில் ஒரே மட்டமாக நின்றுவிடும். 1950களின் நடுப்பகுதி வரை நகரில் 150 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்ற வரம்பு இருந்ததே காரணம். 1928இன் நகர மண்டபம் போன்ற விதிவிலக்குகளை விட்டுவிடலாம். 1930இல் கிளாட் பீல்மன் கட்டிய ஈஸ்டர்ன் கொலம்பியா கட்டடம் பச்சையும் நீலமுமாக மின்னும் சுடுமண் ஓடுகள் பதித்தது. அதன் மணிக்கூண்டு மட்டும் அந்த மட்டத்தைத் தாண்டி எழும். ஆள் குடியேறாத கோபுரத்துக்கு வரம்பு பொருந்தாது. இன்னொரு அடையாளம்: செங்கல் சுவரில் ஒவ்வொரு மாடித் தளத்தின் மட்டத்திலும் வரிசையாக இரும்புத் தகடுகள் தெரிகின்றனவா? வலுவூட்டப்படாத பழைய செங்கல் கட்டடங்களை 1981க்குப் பிறகு சட்டப்படி உறுதிப்படுத்தியபோது பொருத்திய நங்கூரங்கள் அவை. அப்படியானால் கட்டடம் பெரும்பாலும் 1933க்கு முந்தையது. அந்த ஆண்டு லாங் பீச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த வகைக் கட்டுமானமே நின்றுபோனது.

பிராட்வேயில் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டுமா?

வேண்டாம். பிராட்வே திரையரங்கு, வணிகப் பகுதி 1979இலேயே ஒரு தொகுதியாகத் தேசியப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது, 2002இல் எல்லை விரிந்தது. பன்னிரண்டு பழைய அரங்குகள் இந்தத் தெருவில் நிற்கின்றன. 1910இன் கேமியோ, 1911இன் பேலஸ், 1918இன் மில்லியன் டாலர், 1926இன் ஆர்ஃபியம், 1931இல் சாப்ளின் படத்தோடு திறந்த லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டர் என்று வரிசை நீள்கிறது. பேசாப்படக் காலம் தொடங்கிப் பேசும்படம் வரை திரையரங்கு எப்படி வளர்ந்தது என்பதை ஒரே தெருவில் நடந்து பார்த்துவிடலாம்.

தொகுதிக்குள் கேள்வி வேறு: இந்தக் கட்டடம் தொகுதியின் குணத்துக்குப் பங்களிக்கிறதா, இல்லையா? தனியாக நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத நான்கு மாடிக் கடைக்கட்டடம்கூட, இரண்டு அரங்குகளுக்கு நடுவில் தெருவின் சுவரைத் தொடர்ச்சியாக வைத்திருப்பதால் பங்களிக்கும். என் கருத்தில் கணக்கெடுப்பின் உண்மையான சோதனை இந்த நடுத்தரக் கட்டடங்களில்தான். பெரிய அரங்குகளைக் காப்பாற்ற எப்போதும் யாராவது வருவார்கள்.

டிராம் ஓடினால் அதிர்வில் சுவர் விரியாதா?

ஓடும் வண்டியைவிடத் தண்டவாளம் போடும் வேலையே கவலைக்குரியது. மிக நொய்ந்த கட்டடங்களுக்கு மத்தியப் போக்குவரத்து நிர்வாகம் சொல்லும் வரம்பு விநாடிக்கு 0.12 அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர் அதிர்வு வேகம். தெருவைச் சமன்படுத்தும் அதிர்வு உருளை 25 அடி தூரத்தில் ஏறக்குறைய 0.21 அங்குலம் தருவதாக அதே நிர்வாகத்தின் அட்டவணை சொல்கிறது. அதனால் வேலைக்கு முன் சுவரின் விரிசல்களைப் படம் எடுத்து வைப்பதும், அளவு கருவி பொருத்துவதும், நெருக்கமான இடத்தில் சிறிய இயந்திரம் வைப்பதும் நிபந்தனைகளாகச் சேர்க்கப்பட வேண்டும்.

பலர் பார்க்கத் தவறும் பாதிப்பு காலுக்குக் கீழே இருக்கிறது. பிராட்வேயின் பழைய கட்டடங்கள் பலவற்றின் நிலவறை முன்சுவரோடு நிற்காது, நடைபாதைக்கு அடியிலும் நீளும். நிறுத்த மேடை, கம்பம், குழாய் மாற்றம் என்று நடைபாதையைத் தோண்டினால் கட்டடத்தின் உள்ளேயே தோண்டுவதாகும். நடைபாதையின் மேற்பரப்பும் சில இடங்களில் மரபுச் சொத்து: லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டர் வாசலில் மொசைக் தரை தெரு வரை நீள்கிறது. கிளிஃப்டன்ஸ் முன்னாலும் அப்படி ஒன்று. பட்டியலில் "கட்டடம்" என்று மட்டும் எழுதினால் இந்தத் தரைக்குப் பாதுகாப்பு இல்லை. தனியாக எழுத வேண்டும்.

மின்கம்பியும் அப்படியே. பழைய டிராம் நகரங்களில் கம்பியைச் சுவரிலேயே கொக்கி அடித்துக் கட்டுவது வழக்கம். சுடுமண் முகப்பில் ஒரு துளைகூட நீர் இறங்க வழி. தனிக் கம்பம் நட்டால் சுவர் தப்பும், ஆனால் அரங்கின் விளக்குப் பலகையை மறைக்கலாம். எந்த இடத்தில் எது என்று ஒவ்வொரு வாசலாக முடிவெடுப்பதுதான் முறை.

பழைய டிராம் காலத்தின் மிச்சம் ஏதாவது பாதையில் இருக்கிறதா?

இருக்கிறது, இந்தப் பாதையில் எனக்கு மிகப் பிடித்த விஷயமும் அதுதான். ஹில் தெருவில் 1925ஆம் ஆண்டின் சப்வே டெர்மினல் கட்டடம் நிற்கிறது. பசிஃபிக் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சிவப்பு வண்டிகள் இதன் அடியில் வந்து நிற்கும். ஹாலிவுட் பக்கம் போக ஒரு மைல் சுரங்கம் இருந்தது. 1955இல் மூடினார்கள், இப்போது மேலே குடியிருப்புகள். நகருக்குள் ஓடியவை மஞ்சள் வண்டிகள். லாஸ் ஏஞ்சலஸ் ரயில்வே தொடங்கியவை, கடைசி மஞ்சள் வண்டி ஓடியது 1963 மார்ச் 31. கடைசி வரை தாக்குப்பிடித்த தடங்களில் பி (P) தடம் பிராட்வே வழியாகவே போனது.

அந்த அரங்குகளும் துணிக்கடைகளும் ஏன் இந்தத் தெருவில் குவிந்தன? ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கியதால். ஆகவே கட்டடங்களைப் பதியும்போது அவற்றை இங்கே வரவழைத்த போக்குவரத்தையும் சேர்த்து எழுதவேண்டும். "1920களின் வணிகக் கட்டடம்" என்று மட்டும் எழுதும் அறிக்கை பாதிதான் சொல்கிறது.

பட்டியலில் ஏறிவிட்டால் இடிக்கவே முடியாதா?

அப்படி இல்லை. தேசியப் பதிவேடு தனியாருடைய கையைக் கட்டாது. மத்திய அரசு சம்பந்தப்படும்போது ஆலோசனையைக் கட்டாயமாக்கும், அவ்வளவே. நகரின் நினைவுச்சின்னப் பட்டியலுக்குப் பல் கொஞ்சம் அதிகம். இடிப்பு அனுமதியை 180 நாள் நிறுத்திவைக்கலாம், இன்னொரு 180 நாள் நீட்டிக்கலாம். அந்த அவகாசத்தில் வாங்குபவரோ மாற்றுப் பயன்பாடோ கிடைக்க வேண்டும்.

உரிமையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால்?

தனியார் உரிமையாளர் எதிர்த்தால் தேசியப் பதிவேட்டில் சேர்க்க முடியாது. ஆனால் "தகுதி உண்டு" என்று தீர்மானித்துவிட்டால் 106ஆம் பிரிவில் அதற்கும் பட்டியலில் ஏறியதற்கும் வித்தியாசம் இல்லை.

சாதாரண மக்கள் இதில் என்ன செய்ய முடியும்?

நிறைய. அக்கறை உள்ளவர்களும் அமைப்புகளும் ஆலோசனைத் தரப்பாகச் சேர எழுத்தில் விண்ணப்பிக்கலாம். சேர்ந்தால் வரைவுகள் கைக்கு வரும். 1978இல் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் கன்சர்வன்சி என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு பிராட்வே அரங்குகளுக்கு மக்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டியே ஒரு தலைமுறையைத் தயார்செய்தது. கெட்டி என்ற மரபுப் பாதுகாப்பு நிறுவனத்தோடு சேர்ந்து நகரம் நடத்திய சர்வே எல்ஏ என்ற கணக்கெடுப்பு 2010 முதல் 2017 வரை ஏறக்குறைய 8,80,000 மனைகளைக் கொண்ட நகரத்தையே சுற்றிவந்தது. முடிவுகள் இணையத்தில் திறந்திருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த கட்டடம் அதில் இல்லையென்றால் எழுதுங்கள். எழுதும்போது முகவரி, அனுமதித் தாளின் படி, பழைய படம் ஒன்று, எந்த அளவுகோலின் கீழ் என்பது, இவ்வளவும் சேருங்கள். "மிகவும் பழமையானது, அழகானது" என்ற கடிதங்கள் கோப்பில் போய்த் தூங்கிவிடும்.

திட்டமே நடக்காமல் போனால் இந்த உழைப்பெல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. தகுதித் தீர்மானங்கள் மாநிலக் கோப்பில் இருக்கும். அடுத்து அதே தெருவில் மெட்ரோ வாசலோ நடைபாதை விரிவாக்கமோ வந்தாலும் வேலை அங்கிருந்து தொடங்கும். ஆனால் பத்தாண்டு கடந்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சில கட்டடங்கள் போயிருக்கும், சிலவற்றின் தட்டிகள் கழன்றிருக்கும். 1970களின் கட்டடங்கள் இப்போது 50ஐத் தாண்டி வரிசையில் நிற்கின்றன. டிராமுக்குப் பணம் வரும் 2050களில் 2000ஆம் ஆண்டில் கட்டியவையும் அந்த வரிசையில் வந்துவிடும். அப்போது பாதையை முதல் மூலையிலிருந்து மறுபடி நடந்து பார்த்தே பட்டியல் எடுக்க வேண்டியிருக்கும்.